வேர் ஐந்தில், இலை நான்கில்

மூர்மன்ஸ்கில் டிசம்பர் பிறந்தால்
சூரியன் நாற்பது நாள் விடுப்பு.
கடிதமெல்லாம் கொடுப்பதில்லை.

துறைமுக வயர்லெஸ்ஸில்
கப்பல்களோடு கத்தி முடித்து
வீடு திரும்பும் ரிம்மா
பூட்ஸைக் கழற்றும் முன்பே
தொட்டி மண்ணில் விரலை விடுவாள்.
விரலின் முதல் கணுவரை காய்ந்திருந்தால்
ஒரு தம்ளர்.
ஈரம் தட்டினால் ஒன்றுமில்லை.
போன செடியை
பாசத்தால் ஊற்றி ஊற்றியே கொன்றவள் அவள்.
அழுகிய வேரின் நாற்றம்
மூக்கில் இன்னும் மிச்சமிருக்கிறது.

ஃபிலோடெண்ட்ரான்.
பெயர் வாயில் நுழையாதவர்கள்
இலையைப் பார்த்தால் போதும்:
அச்சு அசல் வெற்றிலை.
பாக்கைத் தேடிப் போக வேண்டாம்,
மென்றால் நாக்கு வெந்துவிடும்.
அவள் பூனை ஒருமுறை கடித்துவிட்டு
ராத்திரி முழுக்க ஜொள்ளு வடித்தது.
அதன்பின் அந்தப் பக்கம்
திரும்பியும் பார்ப்பதில்லை.

ஃபிரிட்ஜின் தலையிலிருந்து இறங்கி
சுவரோரம் நடந்து
மூலையில் நிற்கும் வெந்நீர்க் குழாயை
எட்டிப் பிடித்தது கொடி.
குழாய் தரைக்குள் இறங்குமிடத்தில்
கட்டியவன் அவசரத்தில் விட்டுப்போன
இரண்டு விரல் இடைவெளி.

ஒரு நாள் நுனியைக் காணோம்.

கீழே, நான்காம் மாடியில்
நூற்றுப் பதினோரு நாள் கழித்து
கதவைத் திறந்தான் சவேலி,
பனியுடைக்கும் கப்பலின் சமையல்காரன்.
கூரையிலிருந்து ஏதோ தொங்கியது.
கேபிள்காரன் விட்டுப்போன ஒயர் என்று
கத்தரியை எடுத்துக்கொண்டு
முக்காலியில் ஏறியும்விட்டான்.
ஒயரில் இலை இருந்தது.
நகக்கண் அளவில் மூன்று,
இருட்டில் வளர்ந்து வெளிறியவை.

முகர்ந்து பார்த்தான்.
குழம்புக்கு ஆகாது.
முக்காலியில் கொஞ்சநேரம்
சும்மா நின்றான்.

மறுநாள் ஒரு ஊதா விளக்கு வாங்கி மாட்டினான்.
எதிர்க் கட்டடத்தில்
என்னென்னவோ பேசிக்கொண்டார்கள்.
சூடான குழாய் இலையைச் சுடாமலிருக்க
ஓட்டை விழுந்த கம்பளிக் காலுறையை
குழாய்க்குப் போட்டுவிட்டான்.
ஞாயிறுதோறும் இலைக்கடியில் உள்ளங்கை வைத்து
ஈரத்துணியால் துடைத்தான்,
நல்ல தட்டைத் துடைப்பது போல.

மேலே தொட்டியின் கணக்கு மாறியது.
பத்து நாளுக்கு ஒரு தம்ளர் குடித்தது
ஆறாம் நாளே கேட்டது.
"யாருக்குடா ஊட்டுற?"
என்றாள் ரிம்மா.
கொடியை லேசாக இழுத்துப் பார்த்தாள்.
வரவில்லை.
முட்டிபோட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து
இடைவெளியில் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

ஊதா.

எழுந்தாள். தண்ணீர் ஊற்றினாள்.
வழக்கத்தைவிட அரைத் தம்ளர் கூட.

படிக்கட்டில் எதிர்ப்பட்டால்
"குளிர்" என்பான் அவன்.
"குளிர்தான்" என்பாள் இவள்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
பேசியது அவ்வளவுதான்.

ஜூனில் சூரியன்
விடுப்புக்கெல்லாம் சேர்த்து வேலை பார்க்கும்,
நடுராத்திரியிலும்.
குழாய் ஆறியிருக்கும் நேரம் பார்த்து
குடியிருப்பு அலுவலகத்திலிருந்து தாகிர் வந்தான்,
துளைகளை அடைக்க, கையில் நுரை டப்பாவோடு.
"கொடியை வெட்டணும்" என்றான் ஐந்தாம் மாடியில்.
"நாளைக்கு வாங்க" என்றாள் ரிம்மா.
நான்காம் மாடியில்
அவன் வாயைத் திறப்பதற்குள்
"நாளைக்கு" என்றான் சவேலி.

தாகிர் அண்ணாந்து பார்த்தான்.
உள்ளங்கை அகல இலைகள்
ஜன்னல்வரை போயிருந்தன.
நுனியில் புதுசு ஒன்று,
செம்பு நிறத்தில்
உறையை விட்டுப் பாதி வெளியே.

பதிவேட்டில் நாலாவது கட்டத்தில் எழுதினான்:
துளை பயன்பாட்டில் உள்ளது.

பேனாவை மூடியவன்
கொஞ்சம் தயங்கினான்.
"ஒரு கணு கிடைக்குமா?
தண்ணியில போட்டா வேர் விடும்னு சொல்றாங்க.
எங்க சமையலறை ஜன்னல் சும்மாதான் கிடக்கு."

சவேலி கத்தரியைத் தேடி எடுத்தான்.
இலைக்குக் கீழே கணுவைத் தடவிப் பார்த்தான்.
பிறகு கத்தரியைக் கீழே வைத்தான்.

"வேர் என்னுது இல்ல" என்றான்.
"மேல கேக்கணும்."

வீட்டுச் செருப்போடேயே
படியேறினான்.